ஒரு வெடிப்பலாவுக்குப் பத்துக் கன்று ஈடாகாது

மலைச் சாலையை அகலப்படுத்தும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், அதற்காக மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் குழுவினருக்கும்,

ஆனைமலையின் மேல்பகுதியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் ஒரு துண்டு மழைக்காட்டை ஒட்டிப் போகிற சாலையைப் பற்றி எழுதுகிறேன். எந்தச் சாலை என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மாசி மாதம் அந்தச் சாலையின் காட்டுப் பக்கத்தில் நிற்கும் மரங்களின் பட்டையைச் செதுக்கி, சிவப்புப் பெயின்டில் எண் எழுதிவிட்டுப் போனவர்கள் உங்கள் ஆட்கள். சில நாள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. எண் போட்ட மரங்கள் மழைக்கு முன்னால் வெட்டி அகற்றப்படும், வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாகப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்று அதில் இருந்தது. கன்றுகளை எங்கே நடுவீர்கள் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டோம். மலையடிவாரத்தில், குளக்கரையிலும் புறம்போக்கு நிலத்திலும் என்றார்கள். என்ன கன்று என்று கேட்டோம். வேம்பு, புங்கன், மகாகனி என்றார்கள்.

இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்கள் மரப் பட்டியலின் நகலை வாங்கிப் பார்த்தேன். அதில் சில்வர் ஓக்குக்குப் பெயர் இருக்கிறது. யூகலிப்டசுக்குப் பெயர் இருக்கிறது. இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்ட மரங்கள். இந்த மண்ணிலேயே முளைத்து இத்தனை உயரத்துக்கு வளர்ந்த மற்ற எல்லா மரங்களுக்கும் ஒரே பெயர்தான் போட்டிருக்கிறீர்கள்: ‘இதர காட்டு மரம்’. பக்கத்தில் சுற்றளவு எத்தனை என்று ஓர் எண். அவ்வளவுதான். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சாலை முழுக்க நடந்தேன். எண்ணுக்கு எதிரே மரத்தின் பெயரை எழுதிக்கொண்டே போனேன். நாங்கு, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், நாவல் வகைகள் எல்லாம் இருந்தன. ஆனால் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்த பெயர் வெடிப்பலா.

நான் இதே மலையில், எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நான் பல வருடங்களாக மழைக்காட்டு மரக்கன்றுகளை வளர்க்கும் ஒரு நாற்றங்காலில் வேலை செய்கிறேன். தாவரவியல் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு வெடிப்பலா விதையைக் கையில் எடுத்தால், அது முளைக்குமா முளைக்காதா என்று என்னால் சொல்ல முடியும். நீங்கள் ‘இதர’ என்று எழுதிவிட்டுப் போன மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவெடுக்கும் முன் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

வெடிப்பலா உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், அதிலும் பெரும்பாலும் தெற்குப் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் புகழ்பெற்ற டுரியன் பழ மரத்துக்கு இது நெருங்கிய சொந்தம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் தொடங்கி 1400 மீட்டர் வரை, வருடம் முழுக்க ஈரம் வற்றாத பசுமைமாறாக் காடுதான் இதற்கு வீடு. 30, 40 மீட்டர் உயரம் போகும். இலையின் மேல்பக்கம் கரும்பச்சை. அடிப்பக்கம் முழுக்கப் பொடிச் செதில்கள் படிந்து வெள்ளியும் செம்பும் கலந்த நிறத்தில் மின்னும். காற்று அடித்து இலைகள் புரளும்போது, எதிர் மலையில் நின்று பார்த்தாலே எது வெடிப்பலா என்று சொல்லிவிடலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாஸ்கல் என்ற அறிஞர் 1980-களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளை வகை பிரித்தார். நம் மலைகளின் நடு உயரக் காட்டுக்கு வெடிப்பலாவின் பெயரையும் நாங்கின் பெயரையும் முன்னால் வைத்துத்தான் பெயரிட்டார். ஒரு காட்டு வகைக்கே அடையாளமான மரத்துக்கு உங்கள் பட்டியலில் ஒரு வரி கிடைக்கவில்லை.

பட்டியலில் மரத்தின் பெயர் இல்லாததால்தான், அது பூத்துக் காய்க்கும் காலத்திலேயே வெட்டத் தேதி குறித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தை முடிந்து மாசி, பங்குனி என்றால் இந்த மலைக்கு வறட்சிக் காலம். ஓடையில் தண்ணீர் இறங்கிவிடும். காட்டில் அத்தியை விட்டால் பழம் கிடைப்பது அரிது. சரியாக அந்த நேரத்தில்தான் வெடிப்பலா பூக்கும். இதழே இல்லாத பூ அது. வெள்ளையும் பழுப்பும் கலந்த சின்னச் சின்னக் குழல்களாக, முதிர்ந்த கொம்புகளின் பட்டையிலிருந்தே கொத்துக் கொத்தாகக் கிளம்பி, கொம்பே தெரியாமல் மூடிவிடும். சதைப்பற்றான பூ, உள்ளே தேன். பகலில் சோலைமந்தியும் கருமந்தியும் மலை அணிலும் வரும். இருட்டின பிறகு பழந்தின்னி வௌவால், பறக்கும் அணில், மரநாய். களக்காடு முண்டந்துறையின் கக்கச்சிக் காட்டில் இதைக் கவனித்து ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்: பூவைத் தின்ன வருகிற இந்த விலங்குகளே பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கவும் உதவுகின்றன. பஞ்ச காலத்தில் சோறு போடுகிற மரம், தன் இனம் பெருகவும் அதே விருந்தாளிகளைத்தான் நம்பியிருக்கிறது.

உங்கள் ஆட்கள் எண் எழுதிய சமயத்தில் மரங்கள் முழுப் பூவில் நின்றன. 23 என்று எழுதியிருக்கும் மரத்தின் கீழே தார்ச்சாலை தெரியாத அளவுக்குப் பூ கொட்டிக் கிடந்தது. காயாத பெயின்டில் இரண்டு மூன்று பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது இன்றைக்கும் அப்படியே காய்ந்து எண்ணோடு ஒட்டியிருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

இப்போது அந்த மரங்களில் பிஞ்சு பிடித்திருக்கிறது. இன்னும் சில வாரத்தில் முள் உருண்டைகளாகக் காய் பெருக்கும். கையில் பிடிக்க முடியாத முள். அதைச் சோலைமந்தி இரண்டு கையாலும் திருப்பித் திருப்பி, இடம் பார்த்துப் பல்லை வைத்துப் பிளந்து உள்ளே இருக்கும் விதையை எடுக்கும். குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் பெரிதானதும் தாங்களும் முயன்று பார்க்கும். ஆனி, ஆடி மழையில் மீதிக் காய்கள் வெடித்து விதை கொட்டும். ஆக, மாசியில் பூ, சித்திரையிலிருந்து காய், ஆடியில் விதை என்று ஏறக்குறைய பாதி வருடம் இந்த ஒரு மரம் காட்டுக்குத் தீனி தருகிறது.

சோலைமந்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் உங்கள் திட்டக் குறிப்பில் அதன் பெயரே இல்லை என்பதால் சொல்கிறேன். சிங்கவால் குரங்கு என்று பலகைகளில் எழுதி வைத்திருக்கிறோமே, அதுதான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் தவிர உலகத்தில் எங்கும் இல்லை. காட்டில் மொத்தமே 4000-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும் என்பது பன்னாட்டு மதிப்பீடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே பாதுகாப்பை இதற்கும் கொடுத்திருக்கிறார்கள். கேரளத்தின் சைலன்ட் வேலியில் அணை வேண்டாம் என்று மக்கள் போராடி, 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவானதற்கு இந்த மந்தியும் ஒரு முக்கியக் காரணம். அங்கேயும் அது வாழ்வதற்குக் காரணம் வெடிப்பலா நிறைந்த காடுதான்.

இந்த மந்தி மரத்திலேயே வாழப் பிறந்தது. கிளைக்குக் கிளை போகும், முடிந்தவரை தரையில் இறங்காது. நீங்கள் அகலப்படுத்த நினைக்கும் சாலையில் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பெரும்பாலும் தேயிலை. ஆனால் வளைவுக்கு அடுத்த ஒரு பகுதியில் இரண்டு பக்கமும் காடு இருக்கிறது. அங்கே சாலைக்கு மேலே இந்தப் பக்கத்து வெடிப்பலாவும் அந்தப் பக்கத்து நாங்கும் கிளை கோத்து நிற்கின்றன. மந்திக் கூட்டம் கடப்பது அந்த வழியில்தான். மலை அணிலுக்கும் அதுதான் வழி. அந்த இடத்திலும் எண் போட்டிருக்கிறீர்கள். முன்பு மின்கம்பிக்காக அதே சாலையில் ஓரிடத்தில் கிளைகளை ஒட்ட வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மந்திகள் அந்த இடத்தில் தரையில் இறங்கிக் கடப்பதைப் பார்க்க ஆரம்பித்தோம். அங்கேதான் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மந்தி வண்டியில் அடிபட்டுக் கிடந்ததையும் பார்த்தேன். குட்டிக்கு அப்போது உயிர் இருந்தது. கூட்டம் மேலே மரத்தில் இருந்துகொண்டு வெகுநேரம் கத்தியது. வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்துக் காட்டில், மந்திகள் தரையில் இறங்காமல் கடக்கட்டும் என்று சாலைக்கு மேலே பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் செயற்கையாகப் பாலம் கட்டிக் கொடுக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது. இன்னோர் இடத்தில் இயற்கையாகவே நிற்கிற பாலத்தை நாமே வெட்டப் போகிறோம்.

இனி உங்கள் பத்துக் கன்றுக் கணக்குக்கு வருகிறேன். இதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வெடிப்பலா விதையைப் புளியங்கொட்டை மாதிரி டப்பாவில் போட்டு வைத்து அடுத்த வருடம் எடுத்து ஊன்ற முடியாது. ஈரம் காய்ந்தால் விதை செத்துவிடும். பொறுக்கிய சூட்டோடு மண்ணில் போட்டாக வேண்டும். அதுவும் எல்லா வருடமும் ஒரே மாதிரி காய்க்காது. காய்த்தாலும் மந்தியும் அணிலும் தின்றது போக மிஞ்சியதுதான் கீழே வரும். காட்டுக்குள் விழுந்த விதையை நாங்கள் தொடுவதில்லை. அது காட்டின் பங்கு. சாலையில் விழுந்ததை மட்டும் பொறுக்குவோம், அது எப்படியும் டயரில் நசுங்கித்தான் போகும். அட்டை கடிக்க, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, வளைவில் வண்டி வருகிறதா என்று ஒருத்தர் பார்க்க, ஒருத்தர் பொறுக்குவோம். அப்படிப் பொறுக்கிய விதைகள் பெரும்பாலும் எந்த மரங்களிலிருந்து வந்தவை தெரியுமா? நீங்கள் சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருக்கிற இதே மரங்களிலிருந்து. எங்கள் நாற்றங்காலுக்குத் தாய் மரங்கள் அவைதான். அவற்றை வெட்டிவிட்டால், நாளைக்கு நீங்களே மனம் மாறி வெடிப்பலாக் கன்று வேண்டும் என்று வந்து கேட்டாலும் எங்களால் கொடுக்க முடியாது.

முளைத்த கன்று நிழல்வலைக்குக் கீழே கவரில் நின்று முழங்கால் உயரம் வரவே ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் வெட்டவெளியில் நட்டால், முதல் பங்குனி வெயிலிலேயே இலை கருகி நிற்கும். நாங்கள் நட்ட இடங்களிலேயே இதைக் கண்கூடாகப் பார்த்தோம். வெயிலைத் தாங்கும் வட்டக்கண்ணி போன்ற மரங்கள் முதலில் எழும்பி நிழல் கொடுத்த பிறகு, அதன் அடியில் வைத்த கன்றுகள்தான் தழைத்தன. அதற்கும் சும்மா விட்டுவிட முடியாது. அயல் களையான உண்ணிச்செடியைத் திரும்பத் திரும்ப வேரோடு எடுக்க வேண்டும். கடமான் கடிக்கும், மாடு மேயும், காட்டுமாடு மிதிக்கும். கன்று செத்த குழியில் மறுபடி நட வேண்டும். நட்ட வருடம் பார்த்து மகிழ்ந்துவிட்டு மறந்துவிடுகிற வேலை இல்லை இது. இத்தனை வருடமாக நான் வளர்த்துக் கொடுத்த வெடிப்பலாக்களில் ஒன்றுகூட இன்னும் பூக்கவில்லை. நன்றாக வளர்கின்றன, ஆனால் பூக்கவில்லை. உங்கள் 23-ஆம் எண் மரம் என் பாட்டி கொழுந்து கூடையோடு அந்த வழியில் நடந்த காலத்திலேயே பெரிய மரம்.

வால்பாறை பீடபூமியின் சிதைந்த காட்டுத் துண்டுகளில் 2000-களின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்களும் சில எஸ்டேட் நிர்வாகங்களும் சேர்ந்து இப்படி நாட்டு மரங்களை நட்டு மீட்டுவருகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை வளர்த்து நட்டிருக்கிறார்கள். சும்மா விட்ட இடங்களைவிட இப்படிப் பார்த்துப் பார்த்து நட்ட இடங்களில் காடு நன்றாகத் திரும்புகிறது என்று அளந்து காட்டியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த இடங்கள்கூடச் சிதையாத காட்டின் நிலையை இன்னும் எட்டவில்லை. தெரிந்தவர்கள் இவ்வளவு பாடுபட்டு, சரியான மரத்தைச் சரியான இடத்தில் வைத்தே இதுதான் நிலைமை என்றால், மலையடிவாரத்துப் புறம்போக்கில் நடும் மகாகனிக் கன்று இந்தக் காட்டுக்கு என்ன ஈடு? வேம்பும் புங்கனும் நல்ல மரங்கள், சமவெளிக்கு வேண்டிய மரங்கள். அவற்றை நடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதை வெடிப்பலாவின் கணக்கில் எழுதாதீர்கள். வேம்பின் கிளையில் இருந்து சோலைமந்தி என்ன தின்னும்? முதலில் அது அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

இந்தத் துண்டுக் காடு எவ்வளவு சின்னது என்பதையும் நினைவில் வையுங்கள். 1890-களில் தொடங்கி இந்தப் பீடபூமியின் காடுகளை அழித்துத் தேயிலையும் காப்பியும் ஏலமும் போட்டார்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் தோட்ட நிலத்தில் இன்றைக்கு மிச்சம் இருப்பது ஏறக்குறைய 40 காட்டுத் துண்டுகள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பெரிய காடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் நடுவில் இருக்கும் இந்தத் துண்டுகளை நம்பி வாழும் மந்திக் கூட்டமும், மரத்துக்கு மரம் பறந்து பழம் தேடும் இருவாச்சியும் அந்தப் பெரிய காட்டை உங்கள் வரைபடத்தில் பார்த்துவிட்டு இடம் மாறிப் போய்விடாது. சின்னத் துண்டில் ஓரத்தை வெட்டினால் ஓரம் மட்டும் போவதில்லை. வெயிலும் காற்றும் உள்ளே நுழையும். மண் காயும். மரங்களின் அடியில் நிற்கும் கன்றுகள் வாடும். அந்த இடத்தை உண்ணிச்செடியும் படர்கொடிகளும் பிடித்துக்கொள்ளும். அயல் களைச்செடிகளை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. அதே அரசின் இன்னொரு திட்டம் அந்தச் செடிகளுக்குப் புது வழி திறந்துவிடலாமா? இன்னொன்று: சாலைக்கு மேல்பக்கச் சரிவில் அந்த மரங்களின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, ஆனி மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால், அதன் பிறகு தடுப்புச் சுவருக்குத் தனியாக டெண்டர் விட வேண்டியிருக்கும்.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பேச்சை எடுத்தாலே, “உங்களுக்கு மனுஷங்க முக்கியமா, குரங்கு முக்கியமா?” என்று கேட்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலும் கேட்டார்கள். எங்கள் பெண்கள் பிரசவ வலியோடு ஜீப்பில் போவது இந்தச் சாலையில்தான். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் இதில்தான். சாலை நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசரம் உங்களைவிட எங்களுக்குத்தான் அதிகம். ஆனால் இதில் தினமும் போய்வருகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஆம்புலன்ஸ் தாமதமாவது மரத்தினாலா என்று. குழிகளால் தாமதமாகிறது. மழைத் தண்ணீர் போகக் கால்வாய் இல்லாததால், போட்ட தாரும் ஒரு மழைக்காலத்தில் பெயர்ந்துவிடுகிறது. எதிரே கொழுந்து லாரி வந்தால் ஒதுங்க இடம் இல்லாததால் தாமதமாகிறது. ஒதுங்குவதற்கான இடத்தைத் தேயிலைப் பக்கத்தில் அங்கங்கே எடுக்க முடியும். ஒரு வரிசைத் தேயிலைச் செடி போனால் அதைத் திரும்ப நட்டுக்கொள்ளலாம். எஸ்டேட்டிடம் நிலம் கேட்பது நீண்ட கடிதப் போக்குவரத்து, காட்டுப் பக்கம் வெட்டுவது சுலபம் என்பதால்தான் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை இல்லை என்றால், தேயிலைப் பக்கத்தை ஏன் பரிசீலிக்கவில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள்.

மரம் விழுந்து ஆபத்து வரும் என்றும் சொல்கிறீர்கள். அந்தக் கவலை நியாயமானது. பட்டுப்போன மரமோ, வேர் அறுந்து சாய்ந்த மரமோ இருந்தால் அதை எடுக்கத்தான் வேண்டும். அப்படி இரண்டொரு மரங்கள் அங்கே உண்டு, எவை என்று நானே காட்டுகிறேன். ஆனால் மழைக்காலத்தில் எங்கள் சாலைகளில் குறுக்கே விழுந்து நான் அதிகம் பார்த்தது, தேயிலைக்கு நடுவே தனியாக நிற்கும் சில்வர் ஓக்கையும் யூகலிப்டசையும்தான். காட்டோடு சேர்ந்து நிற்கும் வெடிப்பலாவை அல்ல. அக்கம்பக்கத்து மரங்களை வெட்டி அதைத் தனியாக நிறுத்தினால் அதுவும் விழும்.

மலைகளின் மரத்தைச் சமவெளி மரம்போல நினைத்து வெட்டக்கூடாது என்று இந்த மாநிலம் 1955-லேயே மலைப்பகுதி மரப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் போட்டது. தனியார் தன் நிலத்தில் ஒரு மரத்தை வெட்டவே குழுவிடம் போய் நிற்க வேண்டும் என்கிற மலைகள் இவை. 2012-ல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். அந்தச் சட்டத்தையும் அந்தப் பெருமையையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ளவற்றைக் கேட்கிறேன்.

முதலாவது, இந்த வெட்டு உத்தரவை உடனே நிறுத்தி வையுங்கள். சித்திரையில் ஆட்கள் மரமறுக்கும் இயந்திரத்தோடு வந்து இறங்கிய பிறகு பேசிப் பயன் இல்லை. நிறுத்தி வைத்ததை அதே பேருந்து நிறுத்தத்தில், அதே அளவு எழுத்தில் ஒட்டுங்கள்.

அப்புறம் மரக் கணக்கெடுப்பைப் புதிதாகச் செய்யுங்கள். ‘இதர’ என்ற சொல் அதில் ஒரு வரியில்கூட வரக்கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் மரத்தின் பெயர், அது பூக்கும் காய்க்கும் காலம், அதில் என்னென்ன உயிர்கள் தங்குகின்றன என்பதெல்லாம் இருக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் மரம் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டில் குங்கிலியமும் தேனும் எடுத்து வாழ்கிற காடர் மக்களைவிட மரம் தெரிந்தவர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்கு அதற்கான கூலியையும் கொடுங்கள். பட்டியலைத் தமிழில் வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல மக்களுக்குப் போதிய அவகாசம் தாருங்கள்.

சாலையை அகலப்படுத்தியே தீர வேண்டும் என்கிற இடங்களில் தேயிலைப் பக்கமாக அகலப்படுத்துங்கள். வண்டி ஒதுங்க இடங்களும் மழைநீர்க் கால்வாயும் முதலில் வரட்டும். இரண்டு பக்கமும் காடு இருக்கும் அந்த வளைவுப் பகுதியில் சாலை இப்போதுள்ள அகலத்திலேயே இருக்கட்டும். அங்கே வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் போதும். மேலே கோத்து நிற்கும் கிளைகளை மின்கம்பிக்காகவோ வேறு எதற்காகவோ தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். மின்கம்பியைப் பக்கத்துத் தேயிலை வழியாக மாற்ற முடியும்.

ஆபத்தான மரம் என்று எதையாவது எடுத்தாக வேண்டுமென்றால், அந்த ஒரு மரத்துக்குத் தனியாகக் காரணம் எழுதுங்கள். பூவும் காயும் உள்ள தை முதல் ஆடி வரை, உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, வெடிப்பலாவில் கத்தி வைக்காதீர்கள். அப்படி எடுக்கிற மரத்துக்கு ஈடு செய்வதென்றால், அதே வகை மரத்தை, இதே உயரத்தில், இதே காட்டின் சிதைந்த ஓரத்தில் நடுங்கள். பத்துக் கன்று நட்டதற்கு எடுத்த புகைப்படத்தைக் கணக்கில் காட்டாதீர்கள். பத்து வருடம் கழித்து எத்தனை உயிரோடு நிற்கிறது என்பதைக் காட்டுங்கள். அந்தப் பத்து வருடப் பராமரிப்புக்கான பணத்தைத் திட்ட மதிப்பீட்டிலேயே ஒதுக்குங்கள். கன்றுகளை வளர்த்துத் தரவும், நட்ட பிறகு களை எடுக்கவும் எங்களைப் போன்ற உள்ளூர் ஆட்கள் தயாராக இருக்கிறோம்.

கடைசியாக, ஒரு நாள் காலையில் நீங்களே இந்தச் சாலைக்கு வாருங்கள். பொறியாளர், வனச்சரகர், அனுமதி கொடுக்கும் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து வாருங்கள். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை எங்களோடு நடந்து, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் அதை ஏன் வெட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். பெயர் எழுதிய பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது. எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதைப் பங்குனி முடிவதற்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மழைக்காட்டு நாற்றங்கால் தொழிலாளி ஒருத்தி,
ஆனைமலை